அப்பாஸ் ராவுத்தரின் கரியும் எங்கள் கிணறும்

அப்பாஸ் ராவுத்தர் காலையில் எழுந்து வரும்போதே நாள் முழுக்க வேலை செய்து முடித்தவர் போலத்தான் வருவார். முகம் கழுவியிருப்பார், ஆனால் கண் ஓரத்தில் கரி இருக்கும். நகக்கண்ணில் இருக்கும். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையின் காலரில்கூடக் கொஞ்சம் இருக்கும். அவர் மனைவி ஹஃப்ஸா எத்தனை தேய்த்தாலும் அது போகாது.

"இந்த மனுசனைத் தொவைச்சுக் காயப்போடோணும் அக்கா. சட்டையைத் தொவைச்சு என்ன பிரயோசனம்?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் சொல்வாள்.

மீனாட்சிபுரத்திலிருந்து பெருமாட்டிக்குப் போகிற வழியில், தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. கிளுவை வேலிக்கு மேற்கே அவர்களுடைய இடம். அப்பாஸின் அத்தா சந்தை சந்தையாகத் துணி விற்றவர். இவர் புளி வாங்கி விற்றார், பிறகு பழைய சாக்கு, பிறகு பழைய இரும்பு. எதுவும் கையில் நிற்கவில்லை. மூட்டை தூக்கித் தூக்கி முழங்கால் தேய்ந்த பிறகுதான் தேங்காய்ச் சிரட்டைக்கு வந்தார். கொப்பரைக் களங்களில் மலை மலையாகச் சிரட்டை குவிந்து கிடக்கும். அதை வண்டியில் அள்ளி வந்து, குழியில் சுட்டுக் கரியாக்கி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கம்பெனிக்கு அனுப்புவார்.

சொல்லும்போது லேசான வேலை மாதிரி இருக்கும். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆள் ஆழத்துக்குச் செங்கல் கட்டிய குழிகள். அடியில் கொஞ்சம் சிரட்டையைப் பற்ற வைத்து, மேலே மேலே கொட்டிக்கொண்டே வர வேண்டும். புகை முகத்திலேயே அடிக்கும். குழி நிறைந்து தீ நன்றாகப் பிடித்ததும் தகரத்தால் மூடி மண் பூசிவிடுவார். மறுபடி திறக்கும்போது உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கும். காற்றுப் பட்டால் அத்தனையும் சாம்பல். அதனால் திறந்த கையோடு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். வெள்ளையாக ஆவி எழும்பி எங்கள் தென்னை மரம் வரைக்கும் வரும். ஊற்றின தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. மண் குடித்துவிடும் என்று எல்லோரும் இருந்தோம்.

அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு பேச்சு வரும்போது மட்டும்தான். டீக்கடையில் யாராவது அவருடைய கரி படிந்த கையைக் கேலி செய்தால் போதும்.

"சிரிங்க, சிரிங்க. கோயமுத்தூர்ல பெரிய பெரிய ஊடுகள்ல தண்ணி சுத்தம் பண்ற மெசின் இருக்குதல்லோ? அதுக்குள்ள இருக்கறது இந்தக் கை சுட்ட கரிதானுங்க" என்பார்.

அது பொய்யில்லை. கம்பெனி இவர் கரியை வாங்கி, இன்னும் ஏதோ செய்து, அப்படித்தான் விற்றது. அந்த "ஏதோ" என்னவென்று அவருக்கும் அப்போது தெரியாது.

போன வருடம் மழை நன்றாகப் பெய்தது. கிணற்றில் தண்ணீர் மேலே வந்ததும் எனக்கு வயிறு நிறைந்தது போல இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைத் தாழியில் ஊற்றினால் எங்கள் செவலை மாடு மூக்கை வைத்துவிட்டு உடனே தலையைத் தூக்கிக்கொண்டது. மறுபடி ஊற்றினோம். மறுபடியும் அப்படியே. மற்ற மாடுகள் வேறு வழியில்லாமல் கொஞ்சம் குடித்தன. செவலை குடிக்கவே இல்லை. தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரிதான் இருந்தது. முகர்ந்தால் அடுப்புப் புகையும் தாரும் கலந்த ஒரு வாடை.

என் மகன் ஆறுச்சாமி பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவன். தென்னையில் வெள்ளை ஈ விழுந்த பிறகு எங்கள் வீடு நடப்பதே அந்தப் பாலில்தான். அந்தத் தண்ணீரில் கழுவிய கேனில் பால் கொண்டுபோனதும், சொசைட்டியில் பால் எடுக்கிற சாந்தம்மாள் மூடியைத் திறந்து முகத்தைச் சுளித்தாளாம்.

"என்னண்ணா இது, பாலைக் காய்ச்சிக் கருக விட்டுக் கொண்டாந்திருக்கீங்களா?"

"இப்பக் கறந்த பால், அம்மிணி. சூடுகூட ஆறல."

"மாடு பீடி குடிச்சிருக்கும் போல. எடுத்துட்டுப் போங்க, எல்லார் பாலும் கெட்டுப்போகும்."

எங்களுக்கு போர் போட்ட குழல்கிணறு ஒன்றும் இருக்கிறது. அதில் உப்புத் தண்ணீர். மாடு அதைக் குடித்தால் கழியும். அதனால் இந்தத் திறந்த கிணறு போனால் எங்களுக்கு மாடும் போயிற்று. திரும்பி வந்த ஆறுச்சாமி கேனைத் திண்டில் வைத்துவிட்டு, ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நேரே வேலியைத் தாண்டிப் போனான். நானும் பின்னாலேயே போனேன். அவனுக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடிக்கும்.

"ஏனுங்க ராவுத்தரே, எங்க கிணத்துத் தண்ணி உங்க குழியாட்டமே மணக்குதுங்க."

அப்பாஸ் செம்பை வாங்கி மூக்கருகே வைத்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

"ஒண்ணுமில்லியே தம்பி. நெறம் மாறல, ருசி மாறல, வாடையும் இல்ல. இந்த மூணும் சரியா இருந்தா தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கவே ஆகும். மாடு குடிக்க ஆகாதா?"

ஹஃப்ஸா அவர் கையிலிருந்து செம்பைப் பிடுங்கி முகர்ந்தாள். முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அல்லாவே! கருவாடு சுட்ட சட்டியைக் கழுவின தண்ணியாட்டம் இருக்குது. உங்க மூக்கு எந்தக் காலத்துலயோ வெந்து போச்சு, அதை நம்பி பஞ்சாயத்துப் பேசறீங்க."

"எனக்கு வரலையே, புள்ள."

"வராது. நேத்துக் கொழம்பு அடிப்பிடிச்சதே உங்களுக்குத் தெரியல. நல்லா இருக்குதுன்னு ரெண்டாவது வாட்டி ஊத்தித் தின்னீங்க."

அவர் செம்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். தனக்குத் தெரியாத ஒன்று எல்லோருக்கும் தெரிகிறது என்பது அவரை என்னவோ செய்தது.

ஆறுச்சாமி தணிந்துதான் பேசினான். "மாடு குடிக்கோணுங்க. குடிக்கலைன்னா மாட்டை விக்கோணும். அதுவும் ஆகாதுன்னா நீங்க குழியை மூடோணும். வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

"இருக்குது தம்பி" என்றார் அப்பாஸ். "கரி இருக்குது."

எங்கள் பக்கம் கிணறு தோண்டி முடித்ததும் அடியில் நெல்லிப் பலகை போட்டு, அதைச் சுற்றி மணலும் கரியும் கொட்டுவது உண்டு. தண்ணீர் இனிக்கும் என்பார்கள். அதை மனதில் வைத்துத்தான் சொன்னார். ஆனால் கரிக்காரர் செய்தால் கைப்பிடிக் கரியோடு நிற்குமா? கம்பெனிக்கென்று பொறுக்கி வைத்திருந்த நல்ல கரியைக் கூடை கூடையாகக் கயிற்றில் கட்டி எங்கள் கிணற்றில் இறக்கினார். ஒவ்வொரு கூடைக்கும் அல்லாவின் பெயரால் பிஸ்மி சொன்னார். உலகத்துத் தண்ணீரையெல்லாம் கழுவுகிற கரி, பக்கத்துக் கிணற்றைக் கழுவாதா என்ற நம்பிக்கை.

மறுநாள் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்தது. வாடை முன்பைவிடக் கூடியிருந்தது. முந்தைய நாள் வரை சகித்துக்கொண்டு குடித்த மாடுகளும் நிறுத்திவிட்டன. செவலை தாழிக்குள் மூக்கை விட்டு எடுத்தபோது மூக்கு நுனியெல்லாம் கறுப்பு.

"நல்ல காரியம் பண்ணீங்க ராவுத்தரே" என்றான் ஆறுச்சாமி. "மாட்டுக்கு மை தீட்டி உட்டுட்டீங்க. இனி மாப்பிள்ளை பாக்கறது ஒண்ணுதான் பாக்கி."

அப்பாஸ் சிரிக்கவில்லை. கூடைகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார். நனைந்த கரி இரட்டைக் கனம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஏங்க்கா இது இப்படி ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? மாடு குடிக்கவில்லை என்பது தெரியும். அதைச் சொன்னேன்.

அவர் கம்பெனிக்குப் போய், அங்கே கரியைச் சோதிக்கிற ஜின்சனைக் கூட்டிவந்தார். எங்களுக்குப் பக்கத்துச் சித்தூர்ப் பையன், பேசினால் பாதி மலையாளம், அப்பாஸை அண்ணன் முறையில் இக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் கையில் சின்ன மூட்டை ஒன்று, ஒரு குப்பி நீலச் சாயம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு காலி பாட்டில் வாங்கி, இரண்டிலும் தண்ணீர் பிடித்து நீலத்தைச் சொட்டினான். ஒன்றில் அப்பாஸின் கரியைப் பொடித்துப் போட்டான். மற்றதில் தான் கொண்டுவந்த கரி. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. நன்றாகக் குலுக்கி, துணியில் வடிகட்டி, தாழித் திண்டின்மேல் வைத்தான்.

அப்பாஸின் பாட்டில் நீலமாகவே இருந்தது. மற்றதில் நீலமே இல்லை. வெறும் தண்ணீர்.

"மனசிலாயோ இக்கா? உங்க கரிக்குள்ளயும் அறை அறையா இடம் இருக்கு. ஆனா தார் அடைச்சிருக்கு. நாங்க அதை உலையில செவக்கச் செவக்கச் சூடாக்கி நீராவி விடுவோம். அப்போ அடைப்பெல்லாம் தொறக்கும், புதுசா ஓட்டையும் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அப்புறம் அதுல ஒரு ஸ்பூன் எடுத்து உள்ள இருக்கிற சுவரையெல்லாம் விரிச்சா, கால் ஏக்கருக்கு மேல வரும். வாடை, சாயம், மருந்து எல்லாம் அந்தச் சுவர்ல போய் ஒட்டிக்கும்."

"ஒரு ஸ்பூன்லயா?" என்று ஆறுச்சாமி மூட்டையை எட்டிப் பார்த்தான். "அப்ப இந்த மூட்டைக்குப் பட்டா எந்த வில்லேஜ் ஆபீஸ்ல குடுப்பாங்க?"

அப்பாஸ் நீலப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் இத்தனை நாளும் சுட்டது?"

"அது பாதி வேலை இக்கா. அது இல்லாம எங்க வேலை நடக்காது."

"பாதி" என்றார் அவர். டீக்கடையில் அந்தப் பெருமைப் பேச்சு அதோடு நின்றது.

அந்த உலைக் கரிக்குக் கம்பெனியில் கார்பன் என்று பெயர். அளவு சிறியது என்று அங்கே ஒதுக்கிவைத்ததை ஜின்சன் பேசி வாங்கிக் கொடுத்தான். ஒரு நீல டிரம்மில் அடியில் கல், அதன்மேல் மணல், அதன்மேல் கார்பன். மேலே கிணற்றுத் தண்ணீர் விழும், அடிக் குழாயில் வரும். குழாயை நூல் போலத்தான் திறக்க வேண்டும் என்று ஜின்சன் சொல்லிவிட்டுப் போனான். ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டுமாம். ஆறுச்சாமிக்கு அந்தப் பொறுமை ஏது? முதல் நாளே முழுக்கத் திறந்துவிட்டான், வாடை அப்படியே வந்தது. பிறகு நான்தான் குழாயைத் திருகி வைத்துவிட்டு, அதில் கை வைத்தால் தெரியும் சேதி என்று சொன்னேன்.

தாழி நிறைய நெடுநேரம் ஆயிற்று. செவலையை அவிழ்த்து விட்டோம். மூக்கை வைத்தாள். எடுக்கவில்லை. தாழி பாதி குறையும்வரை எடுக்கவில்லை. அப்பாஸ் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்ததோ புகை வந்ததோ, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாந்தம்மாள் பாலை எடுத்துக்கொண்டாள். "பீடியை நிறுத்திருச்சாட்டம் இருக்குது" என்றாளாம்.

அன்று முதல் அப்பாஸ் தினமும் காலையில் வேலிக்கு வந்து, "செவலை குடிச்சாளாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் குழிக்குப் போவார். அவருக்குத்தான் வாடை தெரியாதே. அவருக்கு மூக்கு எங்கள் மாடுதான்.

இத்தோடு முடிந்தது என்று இருந்தோம். ஒரு நாள் செவலை மறுபடியும் தலையைத் தூக்கிக்கொண்டாள். ஜின்சனைக் கேட்டால், சுவரெல்லாம் நிறைந்துவிட்டது, இனி ஒட்ட இடமில்லை என்றான். அப்பாஸுக்கு அந்தக் கார்பனைக் கொட்ட மனம் வரவில்லை. டிரம்மைக் காலி செய்து, அத்தனையையும் அலசி, எங்கள் களத்தில் பாய் விரித்து வெயிலில் காயவைத்தார். நெல்லைக் கிளறுவது போலக் காலால் கிளறிக் கிளறி விட்டார். ஹஃப்ஸா வந்து பார்த்து, "மொளகா காயப்போடறாப்ல இருக்குது. காக்கா ஓட்ட ஆள் வெச்சிருக்கறீங்களா?" என்றாள். காய்ந்ததைத் திரும்பப் போட்டார். அன்றைக்கே வாடை வந்துவிட்டது. வெயிலுக்கு அது விடாது, மறுபடியும் உலைச் சூட்டுக்குத்தான் விடும் என்று ஜின்சன் சிரித்தான்.

பிறகு அதுவே அவருடைய சோலியாகிவிட்டது. கரி ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் திரும்பும்போது கார்பன் கொண்டுவருவார். டிரம்மைத் திறந்து பழையதை அள்ளுவார், புதியதை நிரப்புவார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். தண்ணீர் மண்ணில் இறங்காமல் இருக்க ஒரு குழிக்குச் சிமெண்ட் பூசிப் பார்த்தார். சூட்டில் அது வெடித்துவிட்டது. தண்ணீர் ஊற்றாமல் மண்ணால் மூடியே அணைத்துப் பார்த்தார். பாதி சாம்பலாயிற்று, மீதி ஆறும்வரை லாரி காத்திருக்கவில்லை. அதனால் மறுபடியும் தண்ணீர். இந்தப் பக்கம் கார்பன் முன்பைவிடச் சீக்கிரம் நிறைந்தது. செவலை முன்பைவிடச் சீக்கிரம் தலையைத் தூக்கினாள்.

நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன். "அக்கட்ட நீயே ஊத்தற. இக்கட்ட நீயே வடிகட்டற. இதுல எது முன்னால ஓயும்னு நெனைக்கற, அப்பாஸு?"

"நான்தாங்க்கா முன்னால ஓய்வேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"குழியை மூடிப் போடு."

"மூடிட்டு? இந்த வயசுல எந்தச் சந்தையில போய் எந்தத் துணியை விப்பேன்?"

இருந்தாலும் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. மாடு வாயில்லா ஜீவன், அதற்காக நான்தான் பேச வேண்டும்.

அப்புறம் ஆறுச்சாமிக்கே அலுத்துவிட்டது. ஒரு வாரம் பால் எடுப்பார்கள், ஒரு வாரம் திருப்புவார்கள். அவன் என்னிடம்கூடச் சொல்லாமல் தரகர் வேல்முருகனை வரச்சொல்லிவிட்டான். வேல்முருகன் வந்து செவலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார். நான் நிலைப்படியிலேயே நின்றேன். கயிற்றை அவிழ்த்துக் கொடுக்க என் கை போகவில்லை.

அந்த நேரத்தில் அப்பாஸ் கார்பன் மூட்டையோடு உள்ளே வந்தார். தரகரைப் பார்த்ததும் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்றுவிட்டார்.

"என்ன ராவுத்தரே" என்றார் வேல்முருகன், "மாடு விக்கற எடத்துல வந்து கரி விக்கறீங்களா?"

"தம்பி" என்று ஆறுச்சாமியைப் பார்த்து அப்பாஸ் சொன்னார், "கயித்தை உடு. நாளையிலிருந்து குழியைப் பத்தவெக்க மாட்டேன்."

"அன்னிக்கும் வழி இருக்குதுன்னுதான் சொன்னீங்க."

"அன்னிக்குக் கரியைப் பத்திச் சொன்னேன். இப்பக் குழியைப் பத்திச் சொல்றேன்."

ஆறுச்சாமி என்னைப் பார்த்தான். நான் தரகரைப் பார்த்து, "டீ குடிச்சுட்டுப் போங்க, மாடு விக்கறதில்ல" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் புகை இல்லை. கடப்பாறைச் சத்தம் மட்டும் கேட்டது. அவரும் ஹஃப்ஸாவும் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். தாரில் ஊறி, கல்லெல்லாம் எண்ணெய் தேய்த்தது போல மினுங்கியது. குழியின் அடி மண்ணும் அப்படித்தான். அள்ள அள்ளக் கறுப்பாகவே வந்தது. அதை அங்கேயே விட்டால் மறுபடி கிணற்றுக்கு வரும் என்று, கிடைத்த வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். ஹஃப்ஸா என்னோடு அன்று பேசவில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் பிறகு பேசினாள்.

இப்போது அவர் சிரட்டையை வாங்கிச் சுடாமல் அப்படியே லாரிக்குக் கொடுத்துவிடுகிறார். அதில் வருவது கொஞ்சம். மகள் சுஹைனா தையல் வேலையில் சம்பாதிப்பதையும் சேர்த்து ஓடுகிறது. புகையில் வந்த இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று ஹஃப்ஸா சொல்கிறாள். அவர் இல்லை என்கிறார்.

குழியை மூடினால் வாடையும் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. மண்ணுக்குள் இறங்கியது இறங்கியதுதான். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் கார்பன் இப்போது முன்பைவிட அதிக நாள் தாங்குகிறது. செவலை தலையைத் தூக்குவது குறைந்திருக்கிறது. நிறைந்த கார்பனைக் கம்பெனி திரும்ப எடுத்து உலையில் போட்டுக்கொள்கிறது. அதை ஜின்சன்தான் ஏற்பாடு செய்தான்.

போன தடவை கார்பன் மாற்றியபோது அப்பாஸ் அவனிடம், "இன்னும் எத்தனை நாளைக்குப்பா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது இக்கா. மழையைத்தான் கேட்கணும்."

அப்பாஸ் குனிந்து, கம்பெனிக்குத் திரும்பப் போகிற ஈரக் கார்பன் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஆறுச்சாமி பிடித்தான். நல்ல கனம். வேலி வரைக்கும் இரண்டு இடத்தில் இறக்கிவைத்து, மூச்சு வாங்கிவிட்டுத்தான் கொண்டுபோனார்கள்.